நாளையிடம் கடன் வாங்காதீர்!

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்ற பழமொழியைத் தமிழ்ப்பள்ளியில் படித்த நாம் எல்லாரும் மனனம் செய்திருப்போம். பொருளோடு சேர்த்து எழுதிப் புள்ளிகளும் வாங்கியிருப்போம். நானும் வாங்கினேன். ஆனால், அதன் உண்மைப் பொருள் எனக்கு விளங்கியது பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில்தான். அதுவும் விடியற்காலை 2.30 மணிக்கு, சாலையோரத்தில் விழுந்து கிடந்தபோது.

அன்று நானும் என் அறைத் தோழனும் மாமாக் கடையில் உட்கார்ந்து ஓர் இடுபணியை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலை 7 மணிக்கு எழுந்தவன் நான். அதற்கு முந்தைய இரவு நான்கு மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். மூன்று கிளாஸ் தே தாரிக்கும் ஒரு டின் ஊக்கப் பானமும் உள்ளே போயிருந்ததால் 'தெம்பாகத்தான் இருக்கிறேன்' என்று நினைத்தேன். கண்ணை மூடியதாக எனக்கு நினைவே இல்லை. முன்சக்கரம் சாலைத் தடுப்பின் ஓரக்கல்லில் உரசிய சத்தம் மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் அமர்ந்திருந்தவனுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அடுத்த மாதம் நம் கழகத்தின் கலை இரவில் மிருதங்கம் வாசிக்கவிருந்தவன் அவன். ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். கலை இரவில் ஒலிப்பதிவு இசையைப் போட்டுச் சமாளித்தோம். அவன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, கட்டுப் போடாத இடக்கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டது" என்று எல்லாரிடமும் சொன்னேன். மருத்துவமனையில் சொன்னேன். அவன் அம்மாவிடம் சொன்னேன். என் அம்மாவிடமும் அதையே சொன்னேன். நாய் எதுவும் வரவில்லை.

நண்பர்களே, உடல் தெம்பு, மன அமைதி பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் மருத்துவ மாணவன் அல்லன், பொருளியல் படிப்பவன். ஆனால், அந்த இரவுக்குப் பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததையும், என் வீட்டிலேயே இருந்தும் நான் கவனிக்காமல் விட்டதையும், கடந்த ஓராண்டாகக் கடைப்பிடித்துப் பார்த்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. நேரமும் அதிகம் தேவையில்லை.

தெம்பு எங்கிருந்து வருகிறது?

ஊக்கப் பான விளம்பரங்களைப் பார்த்தால், தெம்பு டின்னுக்குள் அடைபட்டிருப்பதுபோல் தோன்றும். உண்மையில் நம்முடைய விழிப்பையும் களைப்பையும் இரண்டு சக்திகள் நடத்துகின்றன.

முதலாவது, தூக்க அழுத்தம். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். தூங்கும்போது அது குறைகிறது. இதைக் கடன் கணக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். பகலெல்லாம் கடன் ஏறும், இரவில் அடைபடும்.

இரண்டாவது, உடல் கடிகாரம். நம் மூளையின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட மிகச் சிறிய பகுதி ஒன்று இருக்கிறது. எப்போது விழிக்க வேண்டும், எப்போது உடல் சூடு குறைய வேண்டும், எப்போது தூக்கத்திற்கான மெலடோனின் சுரக்க வேண்டும் என்றெல்லாம் உடல் முழுமைக்கும் அது நேரம் சொல்கிறது. இந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 2017இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த இரண்டும் ஒத்துப்போனால் நாள் முழுவதும் தெம்பாக இருப்போம். ஒன்றோடொன்று இழுபறியில் இருந்தால் எட்டு மணி நேரம் படுத்தாலும் எழும்போது உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. நம் நாட்டில் 2020இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டம் வாகனமோட்டிகளுக்கு வகுத்திருக்கும் வரம்பும் அதேதான்: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். காலை 7 மணிக்கு எழுந்த நான் நள்ளிரவு 12 மணிக்கே அந்த நிலையை எட்டிவிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டரை மணி நேரம் கழித்து, ஒரு தாய் பெற்ற பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டாரை முடுக்கினேன். ஒரு சொட்டு மதுவும் குடிக்கவில்லை என்பதால் எந்தச் சோதனையிலும் நான் சிக்கியிருக்க மாட்டேன்.

சரி, பழக்கங்களுக்கு வருவோம்.

1. எழும் நேரத்தை மாற்றாதீர்கள்

சீக்கிரம் தூங்குங்கள் என்று சொன்னால் நம்மில் யாராலும் முடியாது. தூக்கம் நாம் கூப்பிட்ட நேரத்திற்கு வராது. ஆனால், எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. ஆகவே அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை நாளாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் ஒரே நேரத்தில் எழுவதுதான் இந்தப் பட்டியலில் மிக முக்கியமானது. வார இறுதியில் 12 மணிவரை தூங்கினால் உடல் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். திங்கட்கிழமை 8 மணி விரிவுரைக்கு எழும்போது வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவன் மாதிரி இருக்கும்.

என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். குளிர்ந்த அதிகாலையில் மரத்திற்குள் நீரழுத்தம் அதிகமாக இருப்பதால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். மரத்தின் நேரத்திற்கு ஏற்ப மனிதர்கள் எழுந்தார்கள். அந்த வாழ்க்கை சுகமானது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால், தோட்டத்தை விட்டு வந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் பாட்டி இன்றும் மணியடிக்காமல் 4.30க்கு எழுகிறார். ஒரே நேரத்தில் எழுந்து பழகிய உடம்பு அதை எவ்வளவு ஆழமாகக் கற்றுக்கொள்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியவில்லை.

2. காலை வெளிச்சத்தில் பத்து நிமிடம்

உடல் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடுகிறது. தினமும் அதைச் சரிசெய்வது காலை வெளிச்சம். விடுதி அறையின் விளக்கு நமக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் அதன் ஒளி சில நூறு லக்ஸ்தான். வெளியே வானம் மூடியிருக்கும் நாளில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும்.

தீபகற்ப மலேசியாவில் இருக்கும் நமக்கு இதில் ஒரு சிக்கலும் உண்டு. 1982 ஜனவரி முதல் நாள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.15 மணியளவில்தான். விடிவதும் ஏறக்குறைய 7 மணிக்குப் பிறகே. பள்ளிக்கூட நாள்களில் இருட்டோடு இருட்டாகப் பேருந்து ஏறியது உங்களுக்கும் நினைவிருக்கும். சூரியன் வருவதற்கு முன்பே கட்டடத்திற்குள் நுழைந்து, குளிர்சாதன அறைகளிலேயே பகலைக் கழித்துவிட்டு, இருட்டிய பின் வெளியே வந்தால் நம் மூளைக்குப் பகல் எது, இரவு எது என்று எப்படித் தெரியும்?

ஆகவே, 7.30 மணியளவில் பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். விரிவுரை மண்டபத்திற்கு நடந்து போங்கள். பசியாறலை உணவகத்தின் உள்ளே சாப்பிடாமல் வெளித் தாழ்வாரத்தில் சாப்பிடுங்கள். அவ்வளவு போதும்.

இதன் மறுபக்கத்தை எனக்குக் காட்டியவர் என் அம்மா. தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் வேலை செய்பவர். இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் படுக்கையறைச் சன்னலில் அப்பாவின் பழைய கைலிகள் இரண்டைத் தொங்கவிடுவார். "அம்மா சினிமா நடிகை" என்று நானும் தங்கையும் கேலி செய்வோம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை விழித்துக்கொள்ளும் என்பதை எந்தப் புத்தகமும் படிக்காமல் அவர் அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் சொன்னது: "தம்பி, தூக்கத்த ஏமாத்த முடியாதுய்யா. இன்னிக்கு வெரட்டி விட்டா நாளைக்கு வந்து கதவத் தட்டும்."

3. தே தாரிக்கிற்கு ஒரு நேரம்

தேநீரிலும் காப்பியிலும் ஊக்கப் பானத்திலும் இருக்கும் கஃபீன் நமக்குத் தெம்பைத் தருவதில்லை. மூளையில் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் களைப்பு நமக்குத் தெரிவதில்லை. களைப்பு மட்டும் அங்கேயேதான் இருக்கிறது. வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் மேசைக்குள் போட்டுப் பூட்டுவது போன்றது இது. கஃபீன் இறங்கியதும் சேர்ந்திருந்த கடன் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அந்த 2.30 மணிக்கு எனக்கு நடந்தது அதுதான்.

பெரியவர்களின் உடலில் கஃபீனின் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. இரவு 10 மணிக்குக் குடித்தால் விடியற்காலை 3 மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கும். தூங்கினாலும் அந்தத் தூக்கத்தில் ஆழம் இருக்காது.

நான் தே தாரிக்கை விடவில்லை; விடவும் மாட்டேன். நேரத்தை மட்டும் மாற்றினேன். பிற்பகல் 3 மணிக்கு மேல் கஃபீன் கிடையாது. மாமாக் கடைக்கு நண்பர்களோடு போனால் 'லிமாவ் சுவாம்' அல்லது சுடுநீர். முதல் வாரம் கேலி செய்தார்கள். பிறகு அவர்களுக்கே பழகிவிட்டது.

இனிப்பையும் கொஞ்சம் கவனியுங்கள். கெட்டிப் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராமைத் தாண்டக்கூடாது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது தெரியவந்தது. நம் வீடுகளில் யாருக்கு இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், புள்ளிவிவரமே தேவைப்படாது. "தே தாரிக், கூராங் மானிஸ்" என்று சொல்ல ஒரு காசும் செலவில்லை.

4. வயிற்றுக்கும் நேரம் உண்டு

முன்பு உண்டது செரித்ததை அறிந்த பிறகு உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்ற கருத்தைத் திருவள்ளுவர் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்த அதே அதிகாரத்தைத் திரும்ப எடுத்துப் படித்தபோது, இது விடுதி மாணவர்களுக்காகவே எழுதப்பட்டதோ என்று எனக்குத் தோன்றியது. நாம் காலையில் ஒன்றும் சாப்பிடாமல், பகலில் அவசரமாக எதையோ விழுங்கி, இரவு 12 மணிக்கு ரொட்டி சானாயும் மீ கோரெங்கும் சாப்பிடுகிறோம். உடல் கடிகாரம் வயிற்றுக்கும் கல்லீரலுக்கும் சேர்த்துத்தான் நேரம் சொல்கிறது. பின்னிரவில் இன்சுலின் காலையைப்போல் திறமையாக வேலை செய்வதில்லை. நடுநிசியில் உண்ட உணவு தெம்பாக மாறாமல் நெஞ்செரிச்சலாக மாறுவதில் வியப்பில்லை.

காலையில் ஏதாவது சாப்பிடுங்கள். ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம் போதும். நாசி லெமாக்கே என்றாலும் பரவாயில்லை. இரவு உணவைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன் முடித்துவிடுங்கள். பின்னிரவில் பசித்தால் இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. சாப்பிட்ட பின் ஒரு நடை

பகல் உணவுக்குப் பின் 2 மணி விரிவுரையில் நம்மில் பாதிப் பேர் தலையாட்டிக்கொண்டிருப்போம். விரிவுரையாளர் நாம் ஒப்புக்கொள்கிறோம் என்று நினைத்திருப்பார்! சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடந்தால், உழைக்கும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. சர்க்கரை சட்டென்று ஏறி இறங்குவது குறையும், மயக்கமும் குறையும்.

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டி. மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடந்தால் வாரத்திற்கு 210 நிமிடம் ஆகிறது. உடற்பயிற்சிக் கூடத்திற்குக் கட்டணம் கட்டி, பிறகு போகாமல் இருப்பதைவிட இது மேல்.

அப்படியும் தூக்கம் வந்தால், பிற்பகலில் 20 நிமிடம் தூங்கலாம். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்து எழ வேண்டியிருக்கும். எழுந்த பின்னும் தலை பாரமாக இருக்கும். கைப்பேசியில் மணி வைத்துவிட்டுப் படுங்கள்.

6. கைப்பேசிக்குத் தனிப் படுக்கை

விடுதியில் என் கைப்பேசி தலையணைக்கு அடியில்தான் தூங்கியது. இப்போது அறையின் மறுகோடியில், கதவுக்குப் பக்கத்தில் உள்ள மின்செருகியில் இருக்கிறது. ஒரு சிறிய மணிக்கூடு வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன். திரையின் வெளிச்சத்தைவிட அதில் வரும் செய்திகளே பெரிய கேடு என்பது என் அனுபவம். படுக்கப் போகும் நேரத்தில் கூட்டுப்பணிக் குழுவில் யாராவது கேள்வி கேட்டிருந்தால், மனம் மறுபடியும் வேலைக்குக் கிளம்பிவிடும்.

அதற்குப் பதிலாக ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் மறுநாள் செய்ய வேண்டியவற்றை எழுதி வைக்கிறேன். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. படுக்கும்முன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் விரைவாகத் தூங்கினார்கள். தாளில் எழுதிவிட்டால், அதை இரவெல்லாம் சுமக்க வேண்டியதில்லை என்று மனம் நம்பிவிடுகிறது போலும்.

தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழித்துப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் படித்ததை மூளை நினைவில் பதிய வைக்கும் வேலையில் பெரும்பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. தூங்காமல் படிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பதற்குச் சமம்.

7. மூச்சை மெதுவாக விடுங்கள்

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவாகிறது. வெளியே விடும்போது மெதுவாகிறது. நெஞ்சுவழியே இறங்கும் வேகஸ் நரம்பு செய்யும் வேலை இது. உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆகவே, நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால் உடல் அமைதிக்குத் திரும்பும். தேர்வு மண்டபத்தின் வாசலில், படைப்புக்கு முன், யாரோடாவது சண்டை போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள்.

மூச்சால் அடங்காத ஒன்று

இந்த ஏழு பழக்கங்களையும் நான் ஒவ்வொன்றாகத் தொடங்கினேன். இரண்டு மூன்று வாரங்களில் பகல் தூக்கம் குறைந்தது. விரிவுரையில் குறிப்பெடுக்க முடிந்தது. ஆனால், இரவில் விளக்கை அணைத்ததும் எதிர்க்கட்டிலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவனைப் பார்க்க முடியவில்லை. நான்கு எண்ணி இழுத்தேன். ஆறு எண்ணி விட்டேன். நெஞ்சு அடங்கவில்லை.

ஒரு நாள் இரவு சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நாய் எதுவும் வரல. நான் தூங்கிட்டேன்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும்லா. பின்னாலதான உட்கார்ந்திருந்தேன். உன் தலை சாஞ்சத பார்த்தேன். கூப்பிடறதுக்குள்ள விழுந்துட்டோம்" என்றான்.

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீயே சொல்லுவன்னு இருந்தேன்."

மறுநாள் அவன் அம்மாவுக்கு அழைத்தேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவும் செய்தார். திட்டி முடித்த பின், "இனிமே ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல ரெண்டு பேரும் மோட்டார் எடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றார். செய்தேன். அன்றிரவு எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

உடல் களைப்புக்குத் தூக்கம் மருந்து. மனத்தின் களைப்புக்கு, பல நேரங்களில், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிடுவதே மருந்து. இதையும் ஒரு பழக்கமாக எட்டாவது இடத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

நிறைவாக...

எல்லாராலும் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். கல்விக் கடன் போதாமல் இரவில் பகுதிநேர வேலை செய்யும் நண்பர்கள் நம் கழகத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் என் அம்மாவிடம் கற்றுக்கொள்ளலாம்: வீடு திரும்பும்போது வெளிச்சத்தைத் தவிருங்கள், சன்னலை மூடுங்கள், வேலை மாறினாலும் தூங்கும் நேரத்தை முடிந்தவரை மாற்றாதீர்கள். இத்தனை செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டாலோ, எதிலும் நாட்டமில்லாமல் மனம் சோர்ந்தே கிடந்தாலோ, பல்கலைக்கழக ஆலோசகரையோ மருத்துவரையோ போய்ப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். இன்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எதை என்று கேட்டால், எழும் நேரம் என்பேன். கல்விக் கடனை வேலை கிடைத்த பிறகு மெல்ல மெல்லக் கட்டலாம். உடம்பிடம் வாங்கும் கடனுக்கு அந்தத் தவணை கிடையாது. சில நேரங்களில் அதை நமக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கட்ட வேண்டியிருக்கும்.

இந்த ஆண்டுக் கலை இரவில் அவன் மிருதங்கம் வாசித்தான். வந்திருந்தவர்கள் கேட்டிருப்பீர்கள். நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கி வைக்கும்போது மணி 12.20. "மாமாக் கடைக்குப் போகலாம், வாங்கடா" என்று கூப்பிட்டார்கள். நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளை மண்டபத்துக்குப் பின்னால் பூட்டிவிட்டு, மிருதங்கத்தை ஆளுக்குக் கொஞ்ச தூரம் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு, விடுதிக்கு நடந்தே போனோம்.